பிரீமியம் ஏறிப்போன நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது? புதிதாகப் புதுப்பிப்பவர்களுக்குப் படிப்படியாக

மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த தொகையைப் பார்த்ததும் "இந்த வருஷம் விட்டுவிடுவோம்" என்று வீட்டில் பேச்சு எழும். அந்த முடிவுக்குப் போவதற்கு முன் கீழே உள்ளவற்றைச் செய்து பாருங்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ இருக்கிற ஒரு சாதாரணக் குடும்பத்தை மனதில் வைத்தே எழுதுகிறேன். நோட்டீஸையும் போன வருஷத்து ரசீதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: அரசு அட்டை கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். வருஷத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியம் முழுவதையும் அரசே கட்டுகிறது. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதார் அட்டைகளோடு கொக்கிரகுளத்தில் உள்ள கலெக்டர் ஆபீஸில் இதற்கென இருக்கும் மையத்துக்குப் போங்கள். போவதற்கு முன், ரேஷன் கார்டில் எல்லோர் பெயரும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக வந்த மருமகள், பிறந்த பிள்ளை பெயர்கள்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலும், திட்டப் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இந்த அட்டை செல்லும்.

படி 2: எது ஏறியது என்று கண்டுபிடியுங்கள்

இதில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதற்கு முன் 18 சதவீதம் இருந்தது. போன வருஷம் வரி இருந்த காலத்தில் நீங்கள் கட்டியது 20,000 ரூபாயும், வரி 3,600 ரூபாயும் சேர்த்து 23,600 என்று வைத்துக்கொள்வோம். இப்போது 23,500 கேட்கிறார்கள். நூறு ரூபாய் குறைந்தது மாதிரி தெரியும். ஆனால் வரி போன பிறகும் 23,500 என்றால், அடிப்படை பிரீமியம் 3,500 ரூபாய் ஏறியிருக்கிறது. அதாவது 17.5 சதவீதம். ஆகவே மொத்தத் தொகையை விட்டுவிட்டு, இரண்டு ரசீதிலும் வரி சேர்ப்பதற்கு முந்தைய தொகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பாலிசிதாரருக்கு 60 வயது தாண்டியிருந்தால் இன்னொரு விஷயம். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஒரு வருஷத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால், நிறுவனங்கள் முதலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடம் கலந்துபேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. உங்கள் ஏற்றம் அதைத் தாண்டினால் நிறுவனத்திடம் எழுத்துமூலம் விளக்கம் கேளுங்கள்.

அப்பா அம்மாவையும் சேர்த்து ஒரே குடும்ப பாலிசியாகப் போட்டிருக்கிறீர்களா? அதில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் பெரும்பாலும் கணக்குப் போடுவார்கள். அவர்களுக்குத் தனி பாலிசி, உங்களுக்குத் தனி பாலிசி என்று பிரித்தால் எவ்வளவு வரும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

படி 3: முகவரியைச் சரிபாருங்கள்

மும்பையிலும் சென்னையிலும் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். பல நிறுவனங்கள் ஊரை மண்டலமாகப் பிரித்து பிரீமியம் வைக்கின்றன. பெருநகரத்துக்கு அதிகம், திருநெல்வேலி மாதிரி ஊர்களுக்குக் குறைவு. பாலிசியில் இன்னும் பழைய மும்பை முகவரி இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஆனால் சிகிச்சைக்கு மும்பைக்கே போனால் பில்லில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டியிருக்குமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: குறைப்பதாக இருந்தால் சரியான இடத்தில் குறையுங்கள்

அறை வாடகைக்கு வரம்பு வைத்து பிரீமியத்தைக் குறைக்கலாம் என்று ஏஜென்ட் சொன்னால் யோசியுங்கள். 3 லட்சம் பாலிசியில் ஒரு நாள் வாடகை ஒரு சதவீதம் என்றால் 3,000 ரூபாய். வண்ணார்பேட்டைத் தனியார் ஆஸ்பத்திரியில் 6,000 ரூபாய் அறையில் படுத்தால், வாடகையில் பாதி போவதோடு நிற்காது. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் கட்டணம் என்று அறையோடு சேர்ந்த செலவுகளிலும் பாதியைத்தான் தருவார்கள். இதைவிட, அடிப்படை பாலிசியை 5 லட்சத்தில் நிறுத்திவிட்டு, அதற்கு மேல் ஆகும் செலவுக்கு சூப்பர் டாப்-அப் என்ற கூடுதல் பாலிசி எடுப்பது நல்லது. வெறும் டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும். சூப்பர் டாப்-அப் அந்த வருஷத்துப் பில்களையெல்லாம் கூட்டிப் பார்க்கும். எடுப்பதானால் இரண்டாவதையே எடுங்கள்.

படி 5: பாலிசியைச் சாகவிடாதீர்கள்

தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிவிட்டால், மோசடி நிரூபணமானால் ஒழிய, பழைய நோயை மறைத்தீர்கள் என்று சொல்லி நிறுவனம் கிளெய்மை மறுக்க முடியாது. நடுவில் விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. வேறு நிறுவனத்துக்கு மாற விரும்பினால், புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே போர்ட்டபிலிட்டிக்கு விண்ணப்பியுங்கள். பழைய நோய்களுக்குப் பணம் கிடைக்க நீங்கள் ஏற்கெனவே முடித்த காத்திருப்புக் காலம் உங்களோடு வரும். தேதி தவறினால் வருஷ பிரீமியத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் கட்டாமல் இருக்கும் அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பணம் வராது.

படி 6: பிரீமியத்துக்கு அரசு மானியம் தருவது பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்

ஆண்டுக்கு 1,20,000 என்றால் மாதம் 10,000 ரூபாய். முக்கூடலில் மனைவி பீடி சுற்றி, கணவர் கொத்தனார் வேலைக்குப் போகிற வீடு சுலபமாக அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். ஆனால் 23,500 ரூபாய் பிரீமியம் அந்த வீட்டின் இரண்டு மாதச் சாப்பாட்டுச் செலவுக்கு மேலே நிற்கும். அரசு அட்டையும் இல்லை, தனியார் பாலிசியும் முடியாது என்று இடையில் மாட்டிக்கொள்வது இவர்கள்தான்.

காப்பீட்டுக்குச் செலவிடும் அரசுப் பணத்தை நேராக ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கலாமே என்று ஒரு தரப்பு கேட்கிறது. நியாயமான கேள்வி. ஆனால் திட்டத்தின் கீழ் நடக்கும் சிகிச்சைக்கு அரசு மருத்துவமனைக்கும் பணம் போகிறது. அதைவிட முக்கியமானது, திட்டத்தில் ஒவ்வொரு அறுவை சிகிச்சைக்கும் இவ்வளவு என்று அரசு விலை வைத்திருக்கிறது. தனியார் பாலிசியில் அப்படி ஒரு பிடி இல்லாததால் பில் ஏற, அடுத்த வருஷம் பிரீமியமும் ஏறுகிறது. விலைக்குக் கட்டுப்பாடு வைக்காமல் மானியம் மட்டும் கொடுத்தால் அது மருத்துவமனை பில்லுக்குள்ளேயே போய்விடும். அதனால் என் கருத்து: வருமான வரம்புக்குச் சற்று மேலே இருப்பவர்களும் பிரீமியத்தில் ஒரு பங்கைக் கட்டி, மீதியை அரசு கட்ட, இதே திட்டத்தில் இதே விலையில் சேர வழி வேண்டும்.

உங்களுக்கும் அப்படித் தோன்றினால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுங்கள். வீட்டு வருமானம், பிரீமியத் தொகை, இரண்டு வருஷத்து ரசீதுகளின் ஜெராக்ஸ், இவ்வளவு போதும். நிறுவனத்தின் மேல் புகார் என்றால் அது வேறு வழி. முதலில் அவர்களுடைய குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் பதியலாம், அல்லது 155255 என்ற எண்ணில் சொல்லலாம்.