தேன்சிட்டுப் படம் சுவருக்கு வருவதற்குள் நடக்கும் தவறுகள்

குமரி மாவட்டத்தில் யாராவது "எங்கள் வீட்டுச் செம்பருத்திக்கு ஹம்மிங்பேர்ட் வந்தது" என்று படம் அனுப்பினால், அது தேன்சிட்டுதான். ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் கிடையாது. எந்தப் பெயரில் அழைத்தாலும் தேன்சிட்டுக்குக் கவலையில்லை. அந்த ஊர்ப் பறவைக்காகச் சொல்லப்பட்ட பாடத்தை அப்படியே நம் தோட்டத்தில் பின்பற்றும்போதுதான் வினை தொடங்குகிறது.

வட அமெரிக்காவில் பரவலாகக் காணப்படும் ஹம்மிங்பேர்ட் நொடிக்கு ஏறத்தாழ 50 முறை சிறகடித்து, அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். நம் தேன்சிட்டு பெரும்பாலும் காம்பிலோ மடலிலோ தொற்றிக்கொண்டுதான் குடிக்கும்; அந்தரத்தில் நிற்பது கண நேரம். இது தெரியாமல் ஷட்டரை 1/4000 நொடியில் வைத்து, வெளிச்சப் பற்றாக்குறையை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவை) ஏற்றினால், சும்மா உட்கார்ந்திருக்கும் பறவையின் படத்திலும் புள்ளி புள்ளியாக இரைச்சல் நிறைந்துவிடும். உட்கார்ந்த பறவைக்கு 1/800 போதும். தலையை ஓயாமல் வெட்டி வெட்டித் திருப்புவதால் 1/250 மட்டும் வேண்டாம். சிறகடிப்பைப் பிடிக்க நினைத்தால் 1/2000-க்கு மேலே போகலாம். சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டியைத் தொங்கவிடுவதும் இறக்குமதிப் பழக்கம்தான். நம் வெயிலில் அது சீக்கிரமே புளித்துப்போகும், எறும்பும் மொய்க்கும். இட்லிப்பூவும் வாழைக்கூம்பும் இருக்கிற ஊரில் புட்டி எதற்கு?

அடுத்தது வெளிச்சம். ஆண் ஊதாத் தேன்சிட்டின் மினுமினுப்பு சாயத்தால் வருவதல்ல. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்பும்போது தோன்றுவது. கோணம் மாறினால் பறவை வெறும் கறுப்பு. வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கணினியில் இருண்ட பகுதியை வெளிச்சமாக்கினால் மினுமினுப்பு வராது, சாம்பல்தான் வரும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி காலையில் நில்லுங்கள். ஊதாப்பிட்டத் தேன்சிட்டுக்கு நேர் எதிரான சிக்கல். உச்சிவெயிலில் அதன் மஞ்சள் மார்பு வெளிறி, ஓர் இறகுகூடத் தெரியாத பட்டையாகிவிடும். திரையில் கண் அதை மன்னித்துவிடும். காகிதத்தில் மஞ்சள் பெயின்ட் பூசியதுபோல இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, "தூரமாக இருந்தால் என்ன, பிறகு வெட்டிக்கொள்ளலாம்" என்பது. கணக்கைப் பாருங்கள். தேன்சிட்டின் நீளம் சுமார் 10 செ.மீ. ஃபுல் ஃபிரேம் கேமரா (படம் பதியும் சென்சார் 36 மி.மீ. அகலம்), 24 மெகாபிக்சல், 400 மி.மீ. லென்ஸ், 8 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். பறவை சென்சாரில் 5 மி.மீ. நீளம்தான் விழும், அதாவது 6000 பிக்சல் அகலத்தில் ஏறத்தாழ 830. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அச்சிட்டால் பறவை 7 செ.மீ. வரும். இவ்வளவு செலவழித்து வாங்கிய லென்ஸில், உயிருள்ள பறவையைவிடச் சிறிய படம்! 4 மீட்டருக்கு வந்தால் நீளம் இரட்டிப்பாகும். பறவை மேல் விழும் பிக்சல்கள் நான்கு மடங்காகும். எந்த மென்பொருளும் தராத லாபம் இது.

அதற்காகப் பறவையைத் துரத்தக் கூடாது. தேன்சிட்டு ஒரே பூங்கொத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். மட்டி வாழையில் மடல் ஒன்று தூக்கிக்கொண்டு பூ வரிசை வெளியே தெரிகிறதா, அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அமருங்கள். பறவை மடலின் விளிம்பைக் கவ்விப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கி, ஒவ்வொரு பூவாக அலகை விடும். ஆள் அசையாமல் இருந்தால் சற்று நேரத்தில் அது உங்களைச் சட்டை செய்யாது. கூட்டை மட்டும் தொடவேண்டாம். மறைப்பாக இருக்கும் இலையைப் படத்துக்காக ஒதுக்கினால், உங்களுக்குப் பின்னால் காகமும் செம்போத்தும் வழி கண்டுகொள்ளும்.

வெட்டும்போது விகிதத்தை மறப்பவர்கள் அதிகம். பெரும்பாலான கேமராக்களின் படம் 3:2. அது 4×6, 8×12, 12×18 அங்குலங்களுக்குச் சரியாகப் பொருந்தும். 8×10 அல்லது 12×15 கேட்டால் அகலத்தில் ஒரு பங்கு போகும். லோட்டன் தேன்சிட்டின் வளைந்த நீண்ட அலகு நுனி, படத்தை அச்சிடும் லேப்காரர் கையில் காணாமல் போவது இப்படித்தான். அலகுக்கு முன்னால் இடம் விட்டு வெட்டுங்கள். எந்த அளவில் அச்சிடப்போகிறோம் என்பதை வெட்டுமுன் முடிவு செய்யுங்கள். ஆறடி தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப் படத்துக்கு அங்குலத்துக்கு 150 பிக்சல் போதும், 12×18-க்கு 2700×1800. வெட்டிய பிறகு 1500×1000 மட்டும் மிஞ்சினால் 5×7-லேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சின்னதாகக் கூர்மையாக இருப்பது, பெரிதாக மங்கியிருப்பதைவிட எவ்வளவோ மேல். ஃபைலில் அங்குலத்துக்கு இத்தனை பிக்சல் என்று காட்டும் 72 என்ற எண்ணை 300 ஆக்குவதால் ஒரு பிக்சலும் கூடாது. செயற்கை நுண்ணறிவில் பெரிதாக்கினால் கூடும். ஆனால் அது வரைந்துதரும் இறகு அந்தப் பறவையுடையதல்ல.

படத்தை லேபுக்கு வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பாதீர்கள், சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொடுங்கள். நிறம் எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கும் லேப்களுக்கும் பொதுவான நிற அமைப்பு) ஆக இருக்கட்டும். அவர்கள் தாமாகச் செய்யும் 'கலர் கரெக்‌ஷன்' வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவைத்துப் பாருங்கள்; இல்லாவிட்டால் அச்சு இருட்டாக வரும். முதலில் ஒரு 4×6 போட்டுப் பார்ப்பது மலிவான காப்பீடு.

சட்டம் போடும்போது படத்தைக் கண்ணாடியோடு ஒட்டவைப்பது குமரியில் கூடவே கூடாது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர். ஈரம் ஏறினால் படத்தின் மேற்பரப்பு கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், பிரித்தால் உரியும். இடையில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஊறும் வெளிச்சுவரை விட்டு, உள்சுவரில் மாட்டுங்கள்.