முழுநீள அனிமேஷன் படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடிவாசலிலிருந்து காளை சீறிப் பாயும் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு, மதுரையில் அனிமேஷன் பயிலும் இளைஞர்கள் பலர் முதல் நாளிலேயே பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளைத் திறந்து காளையைச் செதுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த ஆர்வம் போற்றத்தக்கது. ஆனால் முழுநீளப் படத்தில் முதல் தவறு அங்கேயே நேர்கிறது. நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் தேவைக்கு மேல் படம்பிடித்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். அனிமேஷனிலோ விநாடிக்கு 24 பிரேம்கள், அதாவது தனித்தனி நிலைப்படங்கள்; ஒன்றரை மணி நேரத்துக்கு 1,29,600 பிரேம்கள். வெட்டப்படும் ஒவ்வொரு விநாடியும் பலருடைய உழைப்பு. ஆகவே ஸ்டோரிபோர்டு ஓவியங்களை, அதாவது காட்சிகளை வரிசையாகக் காட்டும் வரைபடங்களை, தற்காலிகக் குரலுடன் கோத்து அனிமேட்டிக் ஆக்கி, முழுப் படத்தையும் அந்த வடிவிலேயே பார்த்து, தொய்வான இடங்களை அப்போதே நீக்கிவிட வேண்டும். 2025இல் ஆஸ்கர் வென்ற லாத்வியப் படமான 'ஃப்ளோ', பிளெண்டரில் ஸ்டோரிபோர்டு இல்லாமலே உருவானதைச் சிலர் சான்றாகக் காட்டுவர். ஆயினும் அதன் இயக்குநர் முப்பரிமாணக் களத்துக்குள்ளேயே கேமராவை நகர்த்தி அனிமேட்டிக்கை அமைத்துக்கொண்டார். அந்தக் கட்டத்தை அவரும் தவிர்க்கவில்லை.

படம் முடிந்தபின் டப்பிங் பேசுவது நம் திரையுலகில் ஊறிய வழக்கம். அனிமேஷனில் அது தலைகீழாக வேண்டும்: குரலை முதலில் பதிவுசெய்து, அதற்கேற்பவே உதடும் புருவமும் மூச்சும் அசைய வேண்டும். "எங்கிட்டுப் போறீக?" என்று ஒரு மதுரைக்காரர் கேட்கும்போது எந்த அசையை நீட்டுகிறாரோ, அந்த நீட்டலில்தான் தலை திரும்பும் வேகமே அடங்கியிருக்கிறது.

அடுத்தது ரிக், அதாவது உருவத்தை அசைக்க உள்ளே பொருத்தும் எலும்புக்கூடு. வெளிநாட்டு மாட்டுக்கென அமைத்த ஆயத்த ரிக்கில் திமில் இராது. மாடுபிடி வீரர் தழுவுவதோ திமிலைத்தான்; அது பாய்ச்சலில் குலுங்கவும், பிடியில் சரியவும் தனிக் கட்டுப்பாடுகள் தேவை. பாதி வேலையில் இக்குறையைக் கண்டு ரிக்கைத் திருத்தினால், அதுவரை அசைவூட்டிய ஷாட்டுகள் அனைத்தையும் மீண்டும் சரிபார்க்க நேரும். தொழுவத்தில் ஒரு காலைப் பொழுது காளையை உற்றுப் பார்த்துவிட்டு வருவதையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

பின்னணியில் தேவைக்கு மேல் நுணுக்கம் சேர்ப்பதும் தவறே. மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தில் 1,500க்கும் மேற்பட்ட சுதை உருவங்கள் உள்ளன. வைகைக் கரையிலிருந்து தொலைவில் மட்டும் தெரியும் கோபுரத்துக்கு அவற்றை ஒவ்வொன்றாகச் செதுக்க வேண்டியதில்லை. வரைந்த பின்னணி போதும்.

ரெண்டர், அதாவது முப்பரிமாணக் காட்சியைக் கணினி இறுதிப் படமாக்கும் வேலை, எவ்வளவு நேரம் எடுக்கும் என்ற கணக்கையும் முன்கூட்டியே போட வேண்டும். பிரேமுக்குப் பத்து நிமிடம் என்றால், ஒரே கணினியில் மேற்சொன்ன படத்துக்கு 900 நாள்கள் ஆகும். அதையும் வீடியோக் கோப்பாக நேரடியாக எடுக்காமல், பிரேம் பிரேமாகத் தனித்தனிப் படங்களாகச் சேமிக்க வேண்டும். நள்ளிரவில் மின்சாரம் தடைபட்டாலும், மறுநாள் காலை நின்ற பிரேமிலிருந்தே தொடரலாம்.