சீனிக்காரர் கால் புண்ணும் முற்றத்துக் கற்றாழையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சீனி வருத்தக்காரரின் (நீரிழிவு உள்ளவரின்) காலில் புண் வந்தால், முதலில் கை போவது முற்றத்துக் கற்றாழைக்கும் அம்மி மஞ்சளுக்கும்தான். மூலிகை ஜெல் கிருமியைக் கொல்லும் என்று எங்காவது படித்துவிட்டால் நம்பிக்கை இன்னும் கூடிவிடும்.

படித்தது பொய்யில்லை. மஞ்சளில் உள்ள குர்குமினும் வேப்பிலைச் சாறும் ஆய்வுகூடத் தட்டில் சில கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. ஆனால் தட்டில் செத்த தசை இல்லை, அடைபட்ட இரத்தக் குழாய் இல்லை. நாட்பட்ட புண்ணில் கிருமிகள் வழுவழுப்பான படலம் கட்டி அதற்குள் பதுங்கியிருக்கும். தட்டில் அடங்கிய கிருமி அங்கே லேசில் அடங்காது.

சரி, ஜெல் நல்லதென்றே வைத்துக்கொள்வோம். ஆய்வுக்கான ஜெல்லில் சாறு அளந்து சேர்க்கப்படும், கிருமி நீக்கப்படும். நாமோ மீன் வெட்டிய கத்தியாலேயே கற்றாழை மடலையும் வெட்டுகிறோம். வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் தோலை எரிக்கும். அரைத்த மஞ்சளோ புண்ணைச் சுற்றியுள்ள சிவப்பை மறைத்துவிடும். கிருமி பரவுவதை மருந்து கட்டுபவர் கண்டுபிடிக்க அந்தச் சிவப்பு ஒரு முக்கியமான அடையாளம்.

"நோவில்லையே" என்று ஆறுதல்படுவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. நரம்பு மரத்துப்போனதால்தான் நோவில்லை. ஆணி குத்தினாலும், மத்தியான மணல் சுட்டாலும் அந்தக் காலுக்குத் தெரியாது. அதோடு வயலுக்கும் கோயிலுக்கும் நடந்தால் ஒவ்வொரு அடியும் புண்ணை மறுபடி நசுக்கும். எதைப் பூசினாலும், பாதத்திலிருந்து பாரத்தை இறக்காமல் புண் ஆறுவது கடினம். கதிர்காமப் பாதயாத்திரைக்கு நேர்ந்திருந்தாலும், புண் ஆறும்வரை தயவுசெய்து தள்ளிவையுங்கள். முருகன் கோபிக்க மாட்டான்.

சுடுதண்ணீர் ஒத்தடமும் வேண்டாம், வெந்துபோவது தெரியாது. பரியாரியிடம் (நாட்டு வைத்தியரிடம்) போனாலும் சீனிக் குளிசையையோ இன்சுலினையோ நிறுத்த வேண்டாம்.

சிவப்பு பரவுதல், நாற்றம், சீழ், காய்ச்சல், விரல் கறுத்தல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எலும்புவரை இறங்கிய கிருமிக்கு மேலே பூசுவது எட்டாது.

அப்புறம், ஏச்சு விழும் என்று பயந்து பூசியதைக் கழுவித் துடைத்துவிட்டுக் கிளினிக்குக்கு வருபவர்களும் இருக்கிறார்கள். எதை, எத்தனை நாளாகப் பூசினீர்கள் என்று அப்படியே சொல்லுங்கள். தோல் சிவந்தது கிருமியாலா, பூசியதாலா என்று டொக்டர் பிரித்தறிய அது உதவும்.