ஒழுங்கீனம், போதைப்பொருள் காரணமாகத் தரப்பட்ட அமெரிக்கப் படைப் பணிவிடுவிப்பு: மறுஆய்வு கோருவது எப்படி?

அமெரிக்கப் படைகளிலிருந்து ஒழுங்கீனத்துக்காகவோ போதைப்பொருள் பயன்பாட்டுக்காகவோ வெளியேற்றப்பட்டவர்களில் சிலர், அந்த முடிவை இனி யாராலும் மாற்ற முடியாது என்று விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர், ஆறு மாதம் கழிந்தால் பணிவிடுவிப்பின் தரம் தானாகவே உயர்ந்துவிடும் என்று படைமுகாமில் யாரோ சொன்னதை நம்பிக் காத்திருக்கிறார்கள். இரண்டு நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. எத்தனை ஆண்டுகள் ஆனாலும் தரம் தானாக உயராது. ஆனால் உரிய படிவத்தில் கேட்டால் அதை ஆராய்வதற்கென்றே சட்டப்படி அமைந்த வாரியங்கள் இருக்கின்றன. மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பணிவிடுவிப்பு மறுஆய்வு வாரியத்துக்கு இருக்கும் தரத்தை மேலும் தாழ்த்தும் அதிகாரமும் கிடையாது. முதன்முறையாக மனு எழுத உட்காருபவர் எந்த வரிசையில் வேலையைச் செய்ய வேண்டும் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

படி 1: முதலில் ஆவணங்களைத் திரட்டுங்கள்

கடிதத்தை எழுதத் தொடங்கும் முன், உங்கள் பணிக்கோப்பு முழுவதும் கையில் இருக்க வேண்டும். அடிப்படை ஆவணம் டிடி 214 என்னும் பணிவிடுவிப்புச் சான்று. அதில் சுருக்கப் பிரதி, முழுப் பிரதி என இரண்டு உண்டு. சுருக்கப் பிரதியில் விடுவிப்புக்கான காரணமே இருக்காது என்பதால் முழுப் பிரதியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 24ஆம் கட்டம் பணியின் தரத்தையும், 25ஆம் கட்டம் எந்த விதியின்கீழ் விடுவிக்கப்பட்டீர்கள் என்பதையும், 26ஆம் கட்டம் விடுவிப்புக் குறியீட்டையும், 27ஆம் கட்டம் மீண்டும் படையில் சேரும் தகுதிக் குறியீட்டையும், 28ஆம் கட்டம் காரணத்தைச் சொற்களிலும் தெரிவிக்கும். 26இல் ஜேகேகே என்று இருந்தால் அது போதைப்பொருள் தொடர்பான ஒழுங்கீனத்தைக் குறிக்கும். தரைப்படையினருக்கு 25ஆம் கட்டத்தில் பெரும்பாலும் தரைப்படை ஒழுங்குவிதி 635-200இன் 14ஆம் அத்தியாயம் காணப்படும். அதில் 14-12ஏ சிறு ஒழுங்கு மீறல்களையும், 14-12பி தொடர் ஒழுங்கீனத்தையும், 14-12சி கடுங்குற்றத்தையும் சுட்டும், போதைப்பொருள் பயன்பாடு இந்த மூன்றாவதில் அடங்கும்.

டிடி 214 மட்டும் போதாது. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப் 180 படிவம் அனுப்பியோ, அதன் இணையச் சேவை வழியாகவோ, பணிக்கோப்பையும் மருத்துவக் கோப்பையும் சேர்த்துக் கேளுங்கள். குறிப்பாக, விடுவிப்பு நடவடிக்கையின் முழுக் கட்டையும் வேண்டும்: தளபதி கொடுத்த அறிவிப்புக் கடிதம், நீங்கள் கையொப்பமிட்ட உரிமைத் தெரிவுத் தாள், சிறுநீர்ப் பரிசோதனை முடிவு, ராணுவ நீதிச் சட்டத்தின் 15ஆவது சரத்தின்கீழ் (நீதிமன்றம் இல்லாமல் தளபதியே விதிப்பது) பெற்ற தண்டனைகள், பணி மதிப்பீடுகள், பதக்க ஆணைகள். இவை வந்து சேரக் காலமாகும். ஆனாலும் இந்தக் கட்டைப் பார்க்காமல் எழுதிய மனு, எதிராளி வைத்திருக்கும் தாள்களைப் படிக்காமலே வாதாடுவதற்குச் சமம்.

படி 2: எந்த வாரியம் என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு கதவுகள் உள்ளன. பணிவிடுவிப்பு மறுஆய்வு வாரியம் அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பில் உள்ள 1553ஆம் பிரிவின்கீழ் இயங்குகிறது. விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்குள் டிடி 293 படிவத்தில் மனு செய்ய வேண்டும். தரைப்படை, கடற்படை, விமானப்படை, கடலோரக் காவல்படை ஆகியவற்றுக்குத் தனித்தனி வாரியங்கள் உண்டு. மரைன் படையினர் கடற்படை வாரியத்திடம் செல்வார்கள். படைப் பதிவுத் திருத்த வாரியம் அதே தலைப்பின் 1552ஆம் பிரிவின்கீழ் வருவது. அதற்கு டிடி 149 படிவம். தவறோ அநீதியோ தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் என்பது அங்கே காலவரம்பு என்றாலும், நீதியின் நலன் கருதி அந்த வரம்பைத் தளர்த்த அந்த வாரியத்தால் முடியும். ஆகவே 15 ஆண்டுகளைக் கடந்தவர் டிடி 149ஐ நாட வேண்டும். கடக்காதவர் பொதுவாக மறுஆய்வு வாரியத்தில்தான் தொடங்க வேண்டும்.

உங்கள் விடுவிப்பு நிர்வாக வழியில் நடந்ததா, ராணுவ நீதிமன்றத் தீர்ப்பால் நடந்ததா என்பதும் இங்கே முக்கியம். தரங்களில் உயர்ந்தது ‘ஹானரபிள்’ (கண்ணியமானது). அதற்குக் கீழே உள்ள ‘ஜெனரல்’ (பொதுவானது), ‘அதர் தேன் ஹானரபிள்’ (கண்ணியக் குறைவானது) ஆகிய இரண்டும் நிர்வாக விடுவிப்புகள். ‘பேட் கான்டக்ட்’ (தீய நடத்தை), ‘டிஸ்ஹானரபிள்’ (இழிவானது) ஆகியவை ராணுவ நீதிமன்றம் விதிப்பவை. பொது ராணுவ நீதிமன்றம் விதித்ததை மறுஆய்வு வாரியம் எடுத்துக்கொள்ளவே முடியாது. சிறப்பு ராணுவ நீதிமன்றம் விதித்ததைக் கருணை அடிப்படையில் மட்டுமே அது ஆராயும். இனிச் சொல்லப்போவது பெரும்பாலும் நிர்வாக விடுவிப்பு பெற்றவர்களுக்கானது.

மனுதாரர் இறந்துவிட்டால் அவருடைய மனைவி அல்லது கணவர், நெருங்கிய உறவினர், சட்டப் பிரதிநிதி ஆகியோரும் மனு செய்யலாம்.

படி 3: நடைமுறைப் பிழை இருக்கிறதா என்று தேடுங்கள்

வாரியம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்கிறது. அப்போதைய சட்டமும் விதியும் ஒழுங்காகப் பின்பற்றப்பட்டனவா என்பது ஒன்று. விதிப்படியே நடந்திருந்தாலும் கிடைத்த தரம் நியாயமானதா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதினால் இரண்டுமே வலுவிழக்கும். புதிதாக மனு எழுதுபவர்கள் பலரும் முதல் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் கணிப்பில் போதைப்பொருள் வழக்குகளில் மிகுந்த கவனத்தோடு பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

முதலில், சிறுநீர்ப் பரிசோதனை எதற்காக எடுக்கப்பட்டது என்று பாருங்கள். பிரிவு முழுவதற்கும் குலுக்கல் முறையில் எடுத்ததும், குற்றம் நடந்ததாக நம்பத் தக்க காரணம் இருந்து எடுத்ததும் உங்களுக்கு எதிராகப் பயன்படலாம். ஆனால், அத்தகைய காரணம் இல்லாமல், பணிசெய்யும் நிலையில் இருக்கிறீர்களா என்று அறியத் தளபதி உத்தரவிட்டு எடுத்த பரிசோதனையின் முடிவைப் பணியின் தரத்தைத் தாழ்த்தப் பயன்படுத்தக் கூடாது. சிகிச்சை வேண்டும் என்று நீங்களாகவே முன்வந்து ஒப்புக்கொண்ட பயன்பாட்டுக்கும் இத்தகைய பாதுகாப்பு உண்டு. தரைப்படையின் ஒழுங்குவிதி 600-85இல் இதற்கு ‘வரையறுத்த பயன்பாடு’ என்னும் கொள்கையே இருக்கிறது. அந்தக் கொள்கைக்குள் வரும் ஆதாரத்தை விடுவிப்பு நடவடிக்கையில் அரசுத் தரப்பே கொண்டுவந்து சேர்த்திருந்தால், தரம் ‘ஹானரபிள்’ என்றே இருந்தாக வேண்டும். சிகிச்சைப் பிரிவின் குறிப்பு ஒன்றோ, நீங்கள் ஆலோசகரிடம் சொன்ன வாக்குமூலமோ விடுவிப்புக் கட்டுக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொரு தாளாகப் புரட்டுங்கள். ஒற்றைத் தாள் வழக்கையே மாற்றிவிடக்கூடிய இடம் இது.

அடுத்து, அறிவிப்புக் கடிதம். ‘அதர் தேன் ஹானரபிள்’ தரம் உத்தேசிக்கப்பட்டிருந்தாலோ, நீங்கள் 6 ஆண்டுகளோ அதற்கு மேலோ பணியாற்றியிருந்தாலோ, நிர்வாக விசாரணைக் குழுவின் முன் நின்று பேசும் உரிமை உங்களுக்கு இருந்தது. அந்த உரிமையைத் தெரிவித்தார்களா, ராணுவ வழக்கறிஞரைச் சந்திக்கவிட்டார்களா, உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கையொப்பம் இருந்தால் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பது அந்தத் தாளில் தெளிவாக இருந்ததா என்று பாருங்கள். அறிவிப்பில் தொடர் ஒழுங்கீனம் என்று மட்டும் சொல்லிவிட்டு, டிடி 214இல் போதைப்பொருள் என்று எழுதியிருந்தால், அந்த முரண்பாட்டையே ஒரு தனிக் குறையாக முன்வைக்கலாம். பிழை இருந்ததென்று காட்டினால் மட்டும் போதாது. அந்தப் பிழை நடக்காதிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கக்கூடும் என்பதையும் விளக்க வேண்டும்.

படி 4: நியாயத்தை ஆதாரத்தோடு கட்டியெழுப்புங்கள்

நடைமுறை சரியாகவே இருந்தால், மனுவின் பாரம் முழுவதும் இந்தப் பகுதியில் விழும். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல், தலைக்காயத்தால் வந்த மூளைப் பாதிப்பு, பணிக்காலத்தில் நேர்ந்த பாலியல் வன்முறை அல்லது தொல்லை, பிற மனநலக் குறைபாடுகள் ஆகியவற்றோடு தொடர்புடைய மனுக்களைத் தாராளமாகப் பரிசீலிக்க வேண்டும் என்று பாதுகாப்புத் துறை வாரியங்களுக்கு எழுத்தில் அறிவுறுத்தியிருக்கிறது. 2014இல் அப்போதைய பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல் பிறப்பித்த குறிப்பாணையில் தொடங்கிய இந்த வழிகாட்டுதல், 2017 ஆகஸ்ட் 25 அன்று வெளியான, அதைப் பிறப்பித்த அதிகாரியின் பெயரால் கர்ட்டா குறிப்பாணை எனப்படும் ஆணையில் நான்கு கேள்விகளாக வடிவம் பெற்றது. விடுவிப்புக்கான காரணத்தை மன்னிக்கவோ அதன் கடுமையைக் குறைக்கவோ கூடிய குறைபாடோ அனுபவமோ உங்களுக்கு இருந்ததா? அது பணிக்காலத்தில் இருந்ததா? அது உண்மையிலேயே அந்த நடத்தையின் கடுமையைக் குறைக்கிறதா? இறுதியில், அது அந்த நடத்தையை விஞ்சி நிற்கிறதா? உங்கள் கடிதத்தில் இந்த நான்கையும் துணைத்தலைப்புகளாக இட்டு, ஒவ்வொன்றின் கீழும் பதிலையும் அதற்கான இணைப்பின் எண்ணையும் எழுதுங்கள்.

போதைப்பொருள் வழக்கில் மூன்றாவது கேள்வியில்தான் மனு நிற்பதும் விழுவதும். திட்டமிட்டுச் செய்த ஒழுங்கீனத்தை மனநலக் குறைபாடு பொதுவாக மன்னிக்காது என்று அதே ஆணை சொல்கிறது. ஆனால் மனநோயின் அறிகுறிகளைத் தணிக்கத் தானாகவே போதைப்பொருளை நாடிய நிலையைக் கருத்தில் கொள்ளலாம் என்றும் சேர்த்தே சொல்கிறது. எனவே காலவரிசை மிக முக்கியம். கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு: ஒரு வீரர் நல்ல மதிப்பீடுகளோடு போர்முனைக்குச் செல்கிறார், திரும்பி வந்த மூன்றாம் மாதத்தில் உறக்கமின்மைக்காக மருத்துவரைப் பார்க்கிறார், ஐந்தாம் மாதத்தில் பணிக்குத் தாமதமாக வந்ததற்காகத் தண்டிக்கப்படுகிறார், ஏழாம் மாதத்தில் கஞ்சா உட்கொண்டது பரிசோதனையில் தெரியவருகிறது. இந்த நான்கு தேதிகளையும் நான்கு ஆவணங்களோடு அடுக்கினால், அதற்குமேல் உரத்த வாதம் தேவைப்படாது. அவரே பிறருக்கு விற்றிருந்தால் அந்தச் செயலை இதே விளக்கத்தால் தாங்கிப்பிடிப்பது கடினம் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

தாமதம், மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவு, அனுமதியின்றி விலகியிருத்தல் போன்ற பிற குற்றச்சாட்டுகளும் கோப்பில் இருந்தால், போதைப்பொருளுக்கு மட்டும் விளக்கம் தந்துவிட்டு அவற்றைப் பேசாமல் விடக் கூடாது. நீங்கள் பேசாமல் விட்ட சம்பவத்தையே வாரியம் மறுப்புக்குக் காரணமாக்கலாம். ஒவ்வொரு சம்பவத்துக்கும் இரண்டு மூன்று வரியாவது எழுதுங்கள். விளக்கம் இல்லாததை ஒப்புக்கொள்ளுங்கள்.

பணிக்காலத்தில் நோய் கண்டறியப்படவில்லை என்பதற்காகத் தயங்க வேண்டாம். மனுதாரரின் சொந்த வாக்குமூலமே ஒரு குறைபாடு இருந்ததை நிறுவக்கூடும் என்று வழிகாட்டுதல் ஏற்கிறது. இருந்தாலும், இப்போது உங்களைப் பார்க்கும் உளவியலாளரின் கடிதம் ஒன்று, நோயின் பெயரோடு நில்லாமல், அந்த நோய் அந்தக் காலத்து நடத்தையோடு எப்படித் தொடர்புடையது என்றும் சொன்னால் மனு பலமடங்கு உறுதிபெறும். உடன் பணியாற்றியவர், பெற்றோர், வாழ்க்கைத்துணை ஆகியோரின் கடிதங்களில் பொதுவான புகழுரையைத் தவிர்த்து, போகும் முன் எப்படி இருந்தார், வந்தபின் என்ன மாறியது என்று கண்ணால் கண்டதை எழுதச் சொல்லுங்கள்.

மனநலக் காரணம் இல்லாதவர்களுக்கும் வழி அடைபடவில்லை. 2018 ஜூலை 25 அன்று வெளியான வில்கி குறிப்பாணை நியாயம், அநீதி, கருணை ஆகியவற்றை எடைபோடுவதற்கான அளவுகோல்களைத் தருகிறது: அப்போதைய வயது, பணியின் மொத்தத் தரம், கழிந்த காலம், விடுபட்டபின் வாழ்ந்த வாழ்க்கை, பொறுப்பேற்கும் மனம் முதலியன. கஞ்சா இன்றும் படையில் சட்டவிரோதம்தான் என்றாலும், சில மாநிலங்களில் அது சட்டபூர்வமாகிவிட்ட நிலையில், தணிக்கும் சான்றுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது சில பத்தாண்டுகளுக்கு முன்பு கருதப்பட்ட அளவுக்குக் கடுமையானதாக இன்று தோன்றாமல் இருக்கலாம் என்றும் அந்த ஆணை எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. மாநிலச் சட்டம் மாறியதை மட்டும் வைத்து வாதாடினால் அது நிற்காது. சிகிச்சை முடித்த சான்று, பட்டம், வேலையளித்தவரின் கடிதம், குற்றப்பதிவு இல்லை என்ற காவல்துறைச் சான்று ஆகியவையும் கூடவே வர வேண்டும்.

படி 5: என்ன வேண்டும் என்பதைத் துல்லியமாகக் கேளுங்கள்

‘என் டிஸ்சார்ஜை உயர்த்துங்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். 24ஆம் கட்டத்தை ‘ஹானரபிள்’ என மாற்ற வேண்டும், அது இயலாவிட்டால் ‘ஜெனரல்’ என மாற்ற வேண்டும், 28ஆம் கட்டத்தில் உள்ள காரணத்தைச் ‘செக்ரடேரியல் அதாரிட்டி’ (செயலரின் அதிகாரம் என்னும் பொதுவான காரணம்) என்று மாற்றி 26ஆம் கட்டக் குறியீட்டையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும் என்று தனித்தனியாகக் கேளுங்கள். தரம் உயர்ந்தும் காரணம் ‘போதைப்பொருள்’ என்றே இருந்தால், வேலை கொடுப்பவர் கண்ணில் அதுதான் முதலில் படும். ‘ஜெனரல்’ தரம் முன்னாள் படைவீரர் நலத்துறையின் பெரும்பாலான சலுகைகளுக்குப் போதும். ஜிஐ பில் கல்வி உதவிக்கு ‘ஹானரபிள்’ தேவை.

கடிதத்தை அனுப்பும் முன், வாரியங்களின் பழைய முடிவுகள் பெயர்கள் நீக்கப்பட்டு இணைய வாசிப்பறையில் பொதுவில் கிடைப்பதால், உங்கள் வழக்கை ஒத்த சிலவற்றைப் படித்துப் பாருங்கள். மறுப்புகளை முதலில் படியுங்கள், அவற்றிலிருந்து கற்க நிறைய இருக்கிறது.

படி 6: ஆவண ஆய்வா, நேரில் விசாரணையா?

மறுஆய்வு வாரியம் தாள்களை மட்டும் வைத்தும் முடிவெடுக்கும், உங்களைக் கேட்டும் முடிவெடுக்கும். ஆவண ஆய்வில் மறுக்கப்பட்டவர், 15 ஆண்டு முடியும் முன்பு, நேரில் விசாரிக்கக் கோரலாம். ஆகவே காலம் மிச்சமிருப்பவர் ஆவண ஆய்வில் தொடங்கி, மறுப்புக்கு வாரியம் எழுதிய காரணங்களைப் படித்து, விசாரணையில் அவற்றுக்கு நேரடியாகப் பதில் சொல்வது நல்லது என்பது என் கருத்து. கெடு நெருங்கியிருந்தால் நேரடி விசாரணையையே முதலில் கேளுங்கள். அமெரிக்கன் லீஜியன் போன்ற படைவீரர் அமைப்புகளும் சில சட்டக் கல்லூரிகளின் இலவச உதவி மையங்களும் உங்கள் சார்பில் வாதாடப் பிரதிநிதி தருவதுண்டு. தனியே செல்வதைவிட அது மேல்.

படி 7: காத்திருக்கும்போதும், மறுக்கப்பட்டால் அதன் பின்னும்

மறுஆய்வு வாரியம் மறுத்துவிட்டால் டிடி 149 வழியாகத் திருத்த வாரியத்தை அணுகலாம். அங்கே பொதுமக்கள் பிரிவு அரசு அலுவலர்கள் முடிவெடுக்கிறார்கள். 10 மாதங்களுக்குள் 90 விழுக்காடு மனுக்களையும், எதுவாயினும் 18 மாதங்களுக்குள்ளும் முடிக்க வேண்டும் என்று சட்டம் இலக்கு வைத்திருக்கிறது. மறுத்தாலும், புதிய ஆதாரம் கிடைத்தால் மறுபரிசீலனை கோரலாம். 2019 டிசம்பர் 20 அன்றோ அதற்குப் பின்னரோ விடுவிக்கப்பட்டவர்களுக்கு, இவை எல்லாம் முடிந்தபின் பணிவிடுவிப்பு மேல்முறையீட்டு மறுஆய்வு வாரியம் என்ற கடைசிக் கட்டமும் உண்டு. அதற்கும் அப்பால் கூட்டாட்சி நீதிமன்றம் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள்.

இதற்கிடையில் மருத்துவ உதவி தேவைப்பட்டால் வாரியத்தின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முன்னாள் படைவீரர் நலத்துறை, டிடி 214இல் என்ன எழுதியிருந்தாலும், தன் சலுகைகளுக்கு நீங்கள் தகுதியானவரா என்பதைத் தானே தனியாக ஆராய்ந்து முடிவு செய்ய முடியும். அந்த விதிகள் 2024 ஜூன் மாதம் திருத்தப்பட்டு, தணிக்கும் சூழ்நிலைகளுக்கு முன்பைவிட அதிக இடம் தருகின்றன. முன்பு மறுக்கப்பட்டவரும் மீண்டும் விண்ணப்பிக்கலாம். அந்தத் துறையின் முடிவு டிடி 214ஐ மாற்றாது. ஆயினும் அங்கே கிடைக்கும் மனநல மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைப் பெற்று, நிலுவையில் உள்ள மனுவின் எண்ணைக் குறிப்பிட்டு வாரியத்துக்கு அனுப்பிவையுங்கள்.