வெப்சைட்டுக்கு ஆள் வருகிறது, வேலை வரவில்லையா? ஒரு ஏசி சர்வீஸ் கடையை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம்

திருச்சி உறையூரில் ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஒரு மார்ச் மாதம் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, வெப்சைட் போட்டு எட்டு மாசம் ஆச்சு. ஆள் வர்றதா கணக்கு காட்டுது. ஒருத்தரும் போன் பண்ண மாட்டேங்கிறாங்க. கூகுள்ல விளம்பரம் குடுத்துப் பார்க்கலாமா?"

விளம்பரம் அப்புறம் என்று சொல்லிவிட்டு, அவருடைய போனிலேயே அந்த வெப்சைட்டைத் திறந்தேன். முதலில் ஒரு பனிமலை. அது நகர்ந்ததும் கோட் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கீழே 'தரமே எங்கள் தாரக மந்திரம்'. போன் நம்பர் எங்கே என்று தேடினால், 'தொடர்புக்கு' பக்கத்தில் விசிட்டிங் கார்டை ஸ்கேன் செய்து போட்டிருந்த படத்துக்குள் இருந்தது. படத்துக்குள் இருக்கிற நம்பரைத் தொட்டால் கால் போகாது. ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு டயல் பண்ண வேண்டும். மே மாத மதியத்தில், ஏசி ஓடாத அறையில், அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யார் அதைச் செய்வார்?

அந்தக் கடைக்குச் செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பிளம்பிங், ஆர்ஓ சர்வீஸ், தண்ணீர் டேங்க் கிளீனிங் என்று வீட்டுக்குப் போய் வேலை பார்க்கும் எந்தத் தொழிலுக்கும் கொஞ்சம் மாற்றினால் பொருந்தும். கோடிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 1: உங்கள் வெப்சைட்டை வாடிக்கையாளர் மாதிரி திறந்து பாருங்கள்

கம்ப்யூட்டரில் பார்க்காதீர்கள். கடை வைஃபையும் வேண்டாம். போனில், மொபைல் டேட்டாவில், இன்காக்னிட்டோ பக்கத்தில் (முன்பு பார்த்த பதிவுகள் இல்லாமல் புதிதாகத் திறக்கும் தனிப் பக்கம்) திறங்கள். கையில் ஸ்டாப்வாட்ச். பக்கம் முழுசாகத் தெரிய எத்தனை நொடி? நம்பரைத் தொட எத்தனை நொடி? இதை உங்கள் வீட்டில் யாரிடமாவது கொடுத்தும் செய்யச் சொல்லுங்கள். நமக்கு நம் வெப்சைட்டில் எது எங்கே என்று தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் உங்கள் முகவரியைப் போட்டால், பக்கத்தின் முக்கியமான பகுதி தெரிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று சொல்லும். 2.5 நொடிக்குள் இருந்தால் நல்லது என்பது கூகுளின் கணக்கு. அண்ணனின் பனிமலைப் படம் மட்டுமே 4 எம்பி. அந்த நகரும் படங்களைத் தூக்கிவிட்டு, கடை வண்டியின் படம் ஒன்றை, அளவு குறைவாக இருக்கும் வெப்பி (WebP) வடிவத்தில் சுருக்கிப் போட்டோம். அதோடு வேகப் பிரச்சினை முடிந்தது.

படி 2: முதல் திரையில் மூன்று பதில்

வீட்டில் ஏதோ பழுதாகித் தேடுகிறவருக்கு மனசில் ஓடுவது மூன்றே கேள்வி. நம்ம ஏரியாவுக்கு வருவாங்களா? எவ்வளவு ஆகும்? எப்போ வருவாங்க? இந்த மூன்றுக்கும் விரலால் தள்ளாமலே பதில் தெரிய வேண்டும். தாரக மந்திரத்தை எடுத்துவிட்டு நாங்கள் எழுதியது இது:

"திருச்சியில் ஏசி சர்வீஸ், ரிப்பேர். உறையூர், தில்லைநகர், புத்தூர், வயலூர் ரோடு, ஸ்ரீரங்கம், கே.கே. நகர். காலை 11 மணிக்குள் சொன்னால் பெரும்பாலும் அன்றைக்கே வருவோம். ஸ்பிளிட் ஏசி சர்வீஸ் ரூ.600."

ஏரியா பெயர்களை எழுதக் கூச்சப்பட வேண்டாம். 'தமிழ்நாடு முழுவதும் சேவை' என்று ஒரு சின்னக் கடை எழுதினால் யாரும் நம்புவதில்லை. கூகுள் மேப்பில் உங்கள் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலிலும் இதே பெயர்களையே கொடுங்கள். அங்கே 20 ஏரியா வரை சேர்க்கலாம். மேப்பில் ஒன்று, வெப்சைட்டில் வேறொன்று என்று இருந்தால் பார்க்கிறவர் குழம்புவார்.

படி 3: தொட்டால் பேசும் பட்டன், தொட்டால் எழுதும் பட்டன்

போனில் பார்க்கும்போது திரையின் அடியில் எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கும்படி இரண்டு பட்டன் வையுங்கள். ஒன்று கால், ஒன்று வாட்ஸ்அப். மூன்றாவதாக எதுவும் வேண்டாம்.

கால் பட்டனின் லிங்க் கட்டத்தில், ஆங்கிலத்தில் டி, இ, எல் (tel) என்று மூன்று எழுத்து, அதையடுத்து மேலும் கீழுமாக இரு புள்ளி, பிறகு இடைவெளி விடாமல் +91 சேர்த்து உங்கள் நம்பர். அவ்வளவுதான்.

வாட்ஸ்அப் பட்டனுக்கு, வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் 'பிசினஸ் டூல்ஸ்' பகுதிக்குள் 'ஷார்ட் லிங்க்' என்று ஒன்று இருக்கும். அதை காப்பி செய்து பட்டனில் ஒட்டுங்கள். தொட்டவுடன் தானாக வந்து நிற்கும் செய்தியையும் அங்கேயே எழுதி வைக்கலாம். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெறும் பெட்டி திறந்தால் பலர் என்ன எழுதுவது என்று தெரியாமல் 'ஹாய்' என்று போட்டுவிட்டு நிற்பார்கள். நாங்கள் வைத்தது: "ஏசி சர்வீஸ் வேணும். என் ஏரியா: ... பிரச்சினை: ..." புள்ளி வைத்த இடத்தை நிரப்ப யாருக்கும் சோம்பல் வருவதில்லை.

பட்டன் போட்டதும் இரண்டு மூன்று போன்களிலிருந்து நீங்களே தொட்டுப் பாருங்கள். நாங்கள் முதல்நாள் ஒரு இலக்கத்தைத் தவறாகப் போட்டுவிட்டோம். யாரோ ஒருவருக்கு மதியம் வரை ஏசி கால் போய்க்கொண்டிருந்தது, பாவம்.

படி 4: ரேட்டைப் போடுங்கள்

இங்கேதான் எனக்கும் அண்ணனுக்கும் இரண்டு நாள் வாக்குவாதம். "ரேட்டைப் போட்டா பக்கத்துக் கடைக்காரன் பத்து ரூபா குறைச்சுப் போடுவான் தம்பி" என்றார். பக்கத்துக் கடைக்காரருக்கு உங்கள் ரேட் ஏற்கெனவே தெரியும் அண்ணே, தெரியாதது வாடிக்கையாளருக்கு மட்டும்தான் என்றேன். ரேட் இல்லாத பக்கத்தைப் பார்க்கிறவர் 'சொல்ல மாட்டேங்கிறாங்கன்னா ஜாஸ்தியாத்தான் இருக்கும்' என்றுதான் நினைப்பார்.

எல்லா வேலைக்கும் ஒரே மாதிரி ரேட் போட முடியாது என்பது உண்மை. அதனால் மூன்றாகப் பிரித்தோம்.

மாறாத வேலைக்கு மாறாத ரேட்: சர்வீஸ் ரூ.600, கழற்றி மாட்டுவதற்கு ஒரு தொகை. வந்து பார்த்துச் சொல்ல வேண்டிய வேலைக்கு விசிட்டிங் சார்ஜ் ரூ.300, எங்களிடமே வேலை செய்தால் அது பில்லில் கழியும். ஏற்ற இறக்கம் உள்ளதற்கு இடைவெளி ரேட்: கேஸ் ஃபில்லிங் ரூ.2,500 முதல் 3,500 வரை, ஏசி எத்தனை டன், எந்த கேஸ் என்பதைப் பொறுத்தது. உங்கள் ஊர், உங்கள் செலவுக்கு ஏற்ப இந்தத் தொகைகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

'ரூ.199 முதல்' என்று தூண்டில் போடாதீர்கள். ஆள் வருவார், சண்டையும் வரும்.

கேஸ் ரேட்டுக்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: "ஏசியில் கேஸ் தானாகத் தீராது. குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்ப மாட்டோம்." வருஷா வருஷம் கேஸ் போட்டுப் போட்டு ஏமாந்தவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்த வரியைப் படித்துவிட்டே கூப்பிட்டதாகச் சிலர் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார்கள். வெப்சைட்டுக்கு நான் செய்த வேலையிலேயே உருப்படியானது எது என்று கேட்டால் அந்த வரியைத்தான் சொல்வேன். எந்தத் தொழிலிலும் இப்படி ஒரு உண்மை இருக்கும். தொழிலாளிக்குத் தெரியும், வாடிக்கையாளருக்குத் தெரியாது. அதை எழுதுங்கள்.

படி 5: நம்பிக்கைக்குப் படம், ரிவ்யூ

வெளியில் வாங்கிப் போட்ட படங்களைத் தூக்கிவிட்டு, உங்கள் கடைப் பையன்கள் யூனிஃபார்மில் வேலை செய்கிற படம், அழுக்கேறிய ஃபில்டரும் கழுவிய ஃபில்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற படம் போதும். வீட்டுக்குள் எடுத்த படம் என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். கூகுள் ரிவ்யூவுக்கு, வேலை முடிந்து பணம் வாங்கிய கையோடு லிங்க் அனுப்புங்கள். 'ரிவ்யூ போட்டால் 50 ரூபாய் தள்ளுபடி' என்பது கூகுள் விதிப்படி கூடாது.

ஃபாரம்? பெயர், ஈமெயில், பொருள், செய்தி என்றெல்லாம் ஏழு கட்டம் வைத்திருந்தார்கள். எடுத்துவிட்டோம். யாரும் தேடவில்லை.

படி 6: மணி அடித்த பிறகுதான் பாதி வேலை

வெப்சைட் வேலை இங்கே முடிகிறது. ஆனால் காசு போகிற ஓட்டை பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். அண்ணனின் பழைய வாட்ஸ்அப்பைப் புரட்டியபோது இப்படி ஒன்று கிடைத்தது.

"ஏசி கூல் ஆகல. எவ்வளவு ஆகும்?"

இரண்டு மணி நேரம் கழித்து: "வந்து பார்த்தாதான் சார் தெரியும்."

அதோடு முடிந்தது. அண்ணன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பதிலுக்கு மேல் வாடிக்கையாளர் பேச ஒன்றுமே இல்லை. இப்போது அதே கேள்விக்குப் போகிற பதில்:

"வணக்கம் சார். கூல் ஆகாததுக்குப் பெரும்பாலும் ஃபில்டர் அடைப்பு, கெப்பாசிட்டர் போனது, வெளி யூனிட் ஃபேன் ஓடாதது, கேஸ் லீக் இதுல ஒண்ணுதான் இருக்கும். வெளி யூனிட் ஓடுதான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. கை எட்டுற இடத்துல இருந்தா அதோட ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. விசிட்டிங் 300, வேலை செஞ்சா பில்லில் கழிச்சுக்குவோம். இன்னைக்கு சாயங்காலம் 4 மணி, இல்லைன்னா நாளைக்குக் காலைல 10 மணி. எது வசதி சார்?"

கடைசி வரியைக் கவனியுங்கள். 'வரட்டுமா' என்று கேட்டால் 'யோசிச்சுச் சொல்றேன்' என்று வரும். எந்த நேரம் என்று கேட்டால் நேரம்தான் வரும். ஸ்டிக்கர் படம் கேட்பதற்கும் காரணம் உண்டு. அதில் எந்த கேஸ் என்று எழுதியிருக்கும். பழைய ஏசிக்கு ஆர்22, புதியவற்றில் பெரும்பாலும் ஆர்32 அல்லது ஆர்410ஏ. பையன் சரியான சிலிண்டரோடு போவான், இன்னொரு நடை மிச்சம்.

இதைத் தினமும் தட்டச்சு செய்ய முடியாது. வாட்ஸ்அப் பிசினஸில் 'குவிக் ரிப்ளை' என்று சேமித்து வைத்தால், சாய்கோடு போட்டுச் சுருக்கப் பெயரை எழுதியதும் முழுசும் வந்துவிடும். நாலைந்து பதில் வைத்தால் போதும்.

சரி, அண்ணன் ஏணியில் நிற்கும்போது யார் பதில் போடுவது? வாட்ஸ்அப் கணக்கை போன் தவிர இன்னும் நான்கு சாதனங்களில் இணைக்கலாம். கடைக் கம்ப்யூட்டரில் இணைத்தோம், அண்ணி பார்த்துக்கொள்கிறார். அண்ணன் எடுக்காத கால் அண்ணியின் போனுக்குப் போகும்படி கால் ஃபார்வர்டிங் போட்டோம். உண்மையைச் சொன்னால் அண்ணி வந்த பிறகுதான் வியாபாரமே சூடு பிடித்தது.

விசாரித்துவிட்டு மௌனமானவர்களுக்கு 'விசாரணை' என்று லேபிள் போட்டு வைத்து, மறுநாள் காலை ஒரே ஒரு தடவை கேளுங்கள்: "நேத்து ஏசி பத்திக் கேட்டிருந்தீங்க சார். சரியாயிடுச்சா, ஆள் அனுப்பட்டுமா?" இரண்டாவது தடவை கேட்டால் தொல்லை.

படி 7: காசு வாங்குவது

பாகம் மாற்றும் முன்பே தொகையைச் சொல்லி, வாட்ஸ்அப்பில் 'சரி' என்று ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகத்தை அவர் கையிலேயே கொடுங்கள். யுபிஐ கியூஆர் கோடு பையன் பையில் எப்போதும் இருக்கட்டும். ஜிஎஸ்டி பதிவு இல்லாத கடை பில்லில் ஜிஎஸ்டி என்று தனியாக வாங்கக் கூடாது. பெரிய இன்ஸ்டலேஷனுக்கு மட்டும் முன்பணம் கேளுங்கள்; 600 ரூபாய் சர்வீஸுக்குக் கேட்டால் ஓடிவிடுவார்கள்.

அப்புறம், வேலை செய்த தேதியைக் குறித்து வையுங்கள். பிப்ரவரியில், வெயில் ஏறும் முன், "போன வருஷம் மே மாசம் சர்வீஸ் பண்ணினோம் சார், இப்போ பண்ணினா கத்திரி வெயில்ல காத்திருக்க வேண்டாம்" என்று பழைய ஆட்களுக்கு அனுப்பலாம்.

படி 8: ஒரு நோட்டு

வெப்சைட்டுக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 கருவியைப் போட்டிருந்தால், வாட்ஸ்அப் லிங்க்கைத் தொடுவது வெளியே போகும் கிளிக்காகத் தானாகவே பதிவாகும். கால் பட்டனைத் தொடுவது பதிவாகாது. அதற்கு கூகுளின் டேக் மேனேஜர் என்ற இன்னொரு கருவியில் தனியாக அமைக்க வேண்டும். பொறுமை இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, ஏரியா, எங்கே பார்த்தார், என்ன கேட்டார், வேலை கிடைத்ததா, இல்லையென்றால் ஏன்.

வெப்சைட்டுக்கு 100 பேர் வந்து 2 பேர்தான் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், கோளாறு பக்கத்தில். 15 பேர் கூப்பிட்டு 3 வேலைதான் ஆகிறதென்றால் கோளாறு நாம் பேசுகிற பேச்சில் அல்லது எடுக்காத காலில்.

அண்ணி எழுதிய நோட்டில் கடைசிக் கட்டத்தில் திரும்பத் திரும்ப வந்தது ஒரே காரணம்: 'தூரம்'. ஏரியா கட்டத்தில் திருவெறும்பூர், துவாக்குடி. உறையூரிலிருந்து அங்கே ஒரு ஏசிக்காகப் போய் வந்தால் கட்டுப்படியாகாது என்று அண்ணன் மறுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். இப்போது முதல் திரையில் ஒரு வரி கூடியிருக்கிறது: "திருவெறும்பூர், துவாக்குடி: செவ்வாய், வெள்ளி மட்டும்." அந்த இரண்டு நாளும் பையன்கள் காலையிலேயே அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள், மூன்று நான்கு வீடு சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள்.

விளம்பரம் இன்னும் கொடுக்கவில்லை. அடுத்த ஏப்ரலில் நானே கேட்டேன், இப்போ போடலாமா அண்ணே என்று. "ஆள் பத்தல தம்பி, தெரிஞ்ச பையன் யாராவது இருந்தா சொல்லு" என்றார்.