கஷ்டகாலத்தில் விசுவாசம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகியபோது ஏரல் பக்கம் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு எதிர்வீட்டு அக்கா, ஊறிப்போன வேதப்புத்தகத்தை மொட்டைமாடியில் வைத்து, ஒட்டிக்கொண்ட தாள்களை ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பார்க்க வந்த ஒருவர், "வீட்டு ஜெபத்த விட்டுட்டியள்லா, அதான் ஆண்டவர் அடிச்சிட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் இரண்டு மாதம் அக்கா கோயில் பக்கமே வரவில்லை.

அடிபட்டவரிடம் காரணம் சொல்வதுதான் பெரிய தவறு. வேதத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. வாய் திறந்து பாவக்கணக்கு பார்த்ததும் எல்லாம் கெட்டது. கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது அந்த நண்பர்கள்மேல்தான். அதனால் துக்கவீட்டுக்குச் சோறு கொண்டுபோங்கள். வாரியலை எடுத்துச் சேற்றைத் தள்ளிக்கொடுங்கள். அது போதும்.

துன்பப்படுகிறவர்கள் செய்யும் தவறு, ஆண்டவரிடமே நடிப்பது. உள்ளே புகைந்துகொண்டு வெளியே ஸ்தோத்திரம் மட்டும் சொல்ல வேண்டியதில்லை. 13ஆம் சங்கீதத்தில் தாவீது "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். கேட்டு அழுவதும் ஜெபம்தான்.

காணிக்கை போடக் காசில்லை என்று வெட்கப்பட்டு ஒதுங்குகிறவர்களும் உண்டு. பீடி சுற்றிய கூலி வட்டிக்கே போகிற வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். வெறுங்கையோடு வாருங்கள். சபைப் போதகரான ஐயரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

உடம்பை மறக்காதீர்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் கொடுத்தது சுட்ட அடையும் தண்ணீரும். நாள்கணக்கில் தூக்கமில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

பொருத்தனை பண்ணி நேர்ந்துகொண்டும் சுகம் வரவில்லையே, நம் விசுவாசம் பொய்யோ என்ற நினைப்புதான் ஆளை உள்ளுக்குள் அரிக்கும். நெல்லைச் சீமை டோனாவூரில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்தார். 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையும் கட்டிலும்தான். சுகம் கிடைக்கவே இல்லை. அவர் விசுவாசத்தில் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்?

எதிர்வீட்டு அக்காவை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சபைப் பெண்கள் சங்கத்தார் சனிக்கிழமைதோறும் போய், ஒரு பாட்டுப் பாடி, காப்பி குடித்துவிட்டு வந்தார்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் ஒரு ஞாயிறு அவரே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கையில் அதே வேதப்புத்தகம். உப்பிப்போய் மூடாமல் இருந்ததால் ரப்பர் பேண்டு போட்டிருந்தார்.