பழைய அமெரிக்கக் கதைப் புத்தகம் கையில் கிடைத்தால் வயது பார்ப்பது எப்படி

டர்பனில் பழைய புத்தகம் விற்கிற இடங்களிலும், சாட்ஸ்வொர்த் பக்கம் யாராவது வீட்டைக் காலி செய்யும்போது வெளியே வரும் பெட்டிகளிலும் லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமன்’ அடிக்கடி கண்ணில் படும். உள்ளே 1868 என்று பார்த்ததும் ரேண்டைக் கணக்குப் போட ஆரம்பித்துவிடாதீர்கள். அந்த வருஷம் பெரும்பாலும் உங்கள் பிரதியின் வயது அல்ல.

முதலில் தலைப்புப் பக்கத்தின் அடியில் என்ன ஊர், என்ன பதிப்பகம் என்று பாருங்கள். லண்டன், கிளாஸ்கோ என்று இருந்தால் பிரிட்டிஷ் பதிப்பு. நேட்டால் பிரிட்டிஷ் காலனியாக இருந்ததால் இங்கே அந்த வகைதான் அதிகம் அகப்படும். இரண்டாம் பாகத்துக்கு ‘குட் வைவ்ஸ்’ என்று பெயர் போட்டிருந்தாலும் அதே வம்சம்தான். அமெரிக்காவில் 1869-இல் அது வெறும் இரண்டாம் பாகமாகவே வந்தது. அசல் பதிப்பகம் பாஸ்டனின் ராபர்ட்ஸ் பிரதர்ஸ். 1898-இல் அதை ‘லிட்டில், பிரவுன்’ என்ற பதிப்பகம் வாங்கிவிட்டது, ஆகவே தலைப்புப் பக்கத்தில் அந்தப் பெயர் இருந்தால் அதற்கு முந்திய பிரதியாக இருக்க வழியே இல்லை.

அப்புறம் தாளைத் திருப்புங்கள், விஷயம் இருப்பது பின்பக்கத்தில்தான். ‘என்டர்ட் அக்கார்டிங் டு ஆக்ட் ஆஃப் காங்கிரஸ்’ என்று தொடங்கும் பதிப்புரிமைப் பதிவு வரியைக் கடைசிவரை படியுங்கள். மாவட்ட நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் பதிந்ததாக இருந்தால் பதிவு 1870 அல்லது அதற்கு முந்தியது, வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகர் அலுவலகம் என்றால் 1870 அல்லது அதற்குப் பின், சுருக்கமாக ‘காப்பிரைட்’, ஒரு வருஷம், ஒரு பெயர் மட்டும் என்றால் 1874 சட்டத் திருத்தத்துக்குப் பிந்தியது. ஆனால் இது பதிவின் வயதுதான். அச்சுத் தகடுகளைப் பத்திரமாக வைத்து வருஷக்கணக்கில் அதே தகட்டிலிருந்து அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள், பழைய வரியும் கூடவே வந்தது.

அந்த வரியில் யார் பெயர் என்பதையும் விடாதீர்கள். ‘லிட்டில் விமன்’ உரிமை ஆல்காட் பெயரிலேயே இருக்கும். மொத்தமாக விற்றுவிடாமல் உரிமையைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னவர் பதிப்பக ஆசிரியர் தாமஸ் நைல்ஸ். அந்த யோசனைதான் பின்னால் ஆல்காட்டுக்குச் சோறு போட்டது, அதுவும் தாராளமாக.

எனக்குப் பிடித்த வழி வேறொன்று: கடைசிப் பக்கங்களின் விளம்பரப் பட்டியல். அதில் ‘லிட்டில் மென்’ இருந்தால் பிரதி 1871-க்கு முந்தியது இல்லை, ‘ஜோஸ் பாய்ஸ்’ இருந்தால் 1886-க்கு முந்தியது இல்லை. முன்னட்டையின் உள்ளே பள்ளிப் பரிசுச் சீட்டோ கையெழுத்தோ தேதியோடு இருந்தால் அது மறுபக்க எல்லை, பிரதி அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது. அதைச் சுத்தம் செய்கிறேன் என்று சுரண்டிவிடாதீர்கள், விற்பவர்கள் சிலர் செய்கிறார்கள், பார்க்கவே எரிச்சலாக வரும்.

ஆசிரியர் பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். அந்தக் காலத்துப் பெண்கள் பலர் வேறு பெயரில் எழுதினார்கள், அல்லது பெயரே போடவில்லை. 1797-இல் வந்த ‘தி கொக்கெட்’ நாவலில் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஒரு சீமாட்டி எழுதியது என்றுதான் இருக்கும். எழுதியவர் ஹன்னா ஃபாஸ்டர். ‘தி வைட், வைட் வேர்ல்ட்’ எழுதிய சூசன் வார்னர், அட்டையில் எலிசபெத் வெதரெல். அந்தப் புத்தகம் கடைக்கு வந்தது 1850 டிசம்பரில், தலைப்புப் பக்கத்திலோ 1851. வருஷக் கடைசியில் வெளியிட்டால் அடுத்த வருஷத்தைப் போடுவது அப்போது வழக்கம். ஆல்காட்டே ஏ. எம். பர்னார்ட் என்ற பெயரில் திகில் கதைகள் எழுதினார், அது வெளியே தெரிந்தது 1943-இல்தான்.

ஹாரியட் பீச்சர் ஸ்டோ எழுதிய ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ என்றால் முதல் பதிப்பு பாஸ்டன், ஜான் பி. ஜூவெட், 1852, இரண்டு தொகுதி. ஒரே தொகுதியாக லண்டனில் அச்சான 1852 பிரதி உங்களிடம் இருந்தால் அது முதல் பதிப்பு இல்லை, ஆனால் வருஷம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, அங்கே அதே வருஷம் பலர் போட்டிபோட்டு அச்சிட்டார்கள். 1860-இல் பீடில் நிறுவனம் தொடங்கிய பத்து சென்ட் நாவல் வரிசையின் முதல் புத்தகமும் ஒரு பெண் எழுதியதே, ஆன் ஸ்டீஃபன்ஸின் ‘மலாஸ்கா’. மெல்லிய தாள் அட்டை என்பதால் தப்பிப் பிழைத்தவை கொஞ்சம்தான், இங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சந்தேகம் வந்தால் ஹாத்திட்ரஸ்ட், இன்டர்நெட் ஆர்க்கைவ் தளங்களில் இருக்கும் படப் பிரதியோடு பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். பத்திரப்படுத்தும்போது பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள். டர்பன் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும். ஃபிஷ்மாத் பூச்சி (சில்வர்ஃபிஷ்) பசையைத் தின்ன வரும், அதனால் மாதம் ஒருமுறையாவது எடுத்து உதறி வையுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே கூடாது.